கணக்கில் வராத ஷிப்டு

மங்கலத்தில் ஒருவரிடம் என்ன தொழில் என்று கேட்டால் தறி என்பார், அல்லது பனியன் என்பார். இரண்டும் இல்லாதவர் இரண்டில் ஒன்றுக்கு வண்டி ஓட்டுபவராகவோ கணக்கு எழுதுபவராகவோ இருப்பார். நாங்கள் ஆட்டப் பலகைகள் செய்து விற்கிறோம் என்று முதன்முறை சொன்னபோது, அஞ்சலகத்தில் எங்கள் பொட்டலத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "கேரம் போர்டுங்களா?" என்றார். தாயம், ஆடுபுலி, பல்லாங்குழி என்று விளக்கினோம். "அதையெல்லாம் காசு குடுத்து வாங்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முத்திரையைக் குத்தினார். வாங்குகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்களைப் பற்றி எழுத எங்களிடம் அதிகம் இல்லை. எங்களுக்குச் செய்து கொடுத்தவர்களைப் பற்றித்தான் கொஞ்ச நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது தொடங்கியது. மாதம் ஒருமுறை ஒரு புத்தகத்தை வாசித்துப் பேசுகிற வழக்கம் எங்களுக்குள் இருந்தது. இடம், தறிகளை விற்றுவிட்டு மூடிப்போட்ட ஒரு குடோனின் மாடி. அன்றைய புத்தகம் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. பல்லாங்குழியைப் பற்றிய கட்டுரைக்கு வந்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. இருவரும் சமமான காய்களோடு தொடங்குகிற ஆட்டம், ஒருவர் கையில் எல்லாம் சேர்ந்து மற்றவர் வெறுங்கையோடு எழுந்துபோவதில் முடிகிறது. பொதுமை குலைந்து தனிச்சொத்து தலையெடுத்த காலத்தின் சாயலை அவர் அந்த ஆட்டத்தில் கண்டார். ஏற்றும் மறுத்தும் ஒரு மணி நேரம் பேசினோம். அதன் பிறகுதான் யாரோ ஒருவர், இதை முழுதாக ஆடத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து நண்பரின் அம்மாயி படியேறி வந்தார். "தெரியாமயா இத்தன நேரம் கத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு எங்களைக் கீழே அழைத்துப்போனார். வாசலில் வீட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த மணலில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி பறித்தார். புளியங்கொட்டைகளைப் பகிர்ந்து வைத்தார். அரை மணி நேரத்தில் எங்களில் மூன்று பேரை ஓட்டாண்டியாக்கினார். காய் போதாத குழிகள் அடுத்த சுற்றில் ஆட்டத்தை விட்டு விலக்கப்படும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். இழந்தவனுக்கு வாய்ப்பும் குறைகிற விதி அது. தொ.ப. சொன்னது என்னவென்று அப்போதுதான் கையில் உறைத்தது. அந்த மூவர்தான் நாங்கள்.

இத்தகைய ஆட்டங்களைத் தொழிலாகச் செய்ய முடியும் என்பதற்குச் சென்னையில் ஒரு முன்னோடி உண்டு. வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய 'கிரீடா' நிறுவனம், திண்ணைகளிலும் கோயில் தரைகளிலும் கிடந்த ஆட்டங்களைப் பெட்டியில் இட்டுக் கடைக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய பெட்டியொன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். தொழில் தெரியாதவர்கள் செய்யும் முதல் காரியம் அதுதானே. பார்த்ததில் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. விதிகளைத் தெளிவாக எழுதிவைப்பது இந்தத் தொழிலின் பாதி உழைப்பு என்பது ஒன்று. மரப் பலகையோ அச்சிட்ட அட்டைப் பெட்டியோ செய்கிற வழி எங்களுக்கு இல்லை என்பது மற்றொன்று. எங்களைச் சுற்றி இருந்தது துணி.

துணி என்று சொல்வது எளிது. முதலில் பனியன் துணியில்தான் முயன்றோம். ஏற்றுமதிக் கம்பெனிகளின் கட்டிங் மேசையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிலோ விலைக்குப் போகிற கட்டிங் வேஸ்ட். ஒரு மூட்டை எங்களுக்கு இனாமாகவே வந்தது. பெரிய துண்டுகளாகப் பொறுக்கி ஆடுபுலிக் கட்டத்தை அச்சடித்து விரித்தபோது பார்க்க அழகாகவே இருந்தது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடத் தொடங்கியதும் முழங்கை பட்ட பக்கமெல்லாம் துணி இழுபட்டது. உச்சியில் கூடிக் கீழே விரியவேண்டிய கோடுகள் கொடிபோல வளைந்தன. எந்த ஆடு எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று தகராறு வந்தது. இழுபடுவதால்தான் அது பனியன் துணி. தறிக்கார நண்பர் ஒருவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு மீட்டர் காடாத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்திருக்கிற துணி, கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும். "மூணு பேரு ஊட்லயும் தறி ஓடுச்சு. இதுகூடத் தெரியலீங்களா?" என்றார்.

காடா எங்களுக்கு வேறொரு பாடத்தை வைத்திருந்தது. தறியிலிருந்து இறங்குகிற துணியின் பாவு நூலில் கஞ்சி இருக்கும். அதை எடுக்காமலே அச்சடித்தோம். சாயம் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. வாங்கிய ஓர் அம்மையார் அதைத் துவைத்திருக்கிறார். கஞ்சியோடு கோடுகளும் பாதி போய், துணி ஒரு பக்கமாகச் சுருங்கி, தாயக்கரத்தின் சதுரங்கள் நீள்சதுரங்களாகிவிட்டன. படம் எடுத்து அனுப்பி, "இதில் எப்படி ஆடுவது?" என்று மட்டும் கேட்டிருந்தார். பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அன்றுமுதல் அச்சடிப்பதற்கு முன் துணியை வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுகிறோம். வெளுப்பதில்லை. நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு வெளுப்பு, சாயம் என்ற சொற்கள் வெறும் தொழிற்சொற்களாக இருக்க முடியாது. சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டபோது, ஆறு பிழைக்கட்டும் என்று சொன்னவர்களும் வேலை போனவர்களும் எங்கள் மூன்று வீடுகளிலுமே இருந்தார்கள். காடாவின் மங்கிய பழுப்பே நல்ல நிறம் என்று சொல்லி விற்கிறோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது பிடித்துப்போய்விட்டது.

காய்களுக்குப் பட்டன். ஆர்டர் ரத்தானபோது மிஞ்சிய பட்டன்கள் திருப்பூரில் சாக்குக் கணக்கில் கிடைக்கும். சட்டைக்கு வைக்கிற வெள்ளைப் பட்டன் பதினைந்து, அவை ஆடுகள். கோட்டுக்கு வைக்கிற பெரிய பட்டன் மூன்று, அவை புலிகள். முன்பின் தெரியாத நாட்டில் யாரோ ஒருவர் மாட்டிக்கொள்ளவிருந்த கோட்டின் பட்டன், இங்கே இருபத்து மூன்று புள்ளிகளுக்கு நடுவே ஆட்டைத் தாண்டிக் குதிக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை மட்டுமே நாங்கள் முழு விலை கொடுத்து வாங்கிய பொருள்.

அச்சடித்தவர் ஆண்டிபாளையம் பக்கம் நான்கு டேபிள் போட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த அண்ணன். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாசிப்புக் கூட்டத்தில் பேசவே மாட்டார், ஆனால் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வருகிற ஒரே ஆள். கம்பெனிகளிலிருந்து வெட்டி வரும் கட்பீஸ்களில் பூவும் எழுத்தும் அச்சடித்துத் திருப்பி அனுப்புவது அவர் தொழில். ஆடுபுலியின் முதல் ஸ்கிரீனுக்கு வேண்டிய கட்டத்தை அவரே இரவில் உட்கார்ந்து கையால் வரைந்தார். வலப்பக்கத்து இரண்டாம் கோடு உச்சிக்குப் போகும் வழியில் ஒரு நூலளவு சாய்ந்திருக்கும். கணினியில் திருத்தி வேறு ஸ்கிரீன் போடலாம் என்று அவரே பலமுறை சொன்னார். ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாததால் விட்டுவிட்டோம். இதுவரை நாங்கள் விற்ற எல்லா ஆடுபுலியிலும் அந்தச் சாய்வு இருக்கிறது.

ஓரம் தைத்தவர் ஓர் அக்கா. அவர் கணவர் கூலிக்கு நெசவு செய்யும் தறிக்காரர். வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. பிசிறு வெட்டவும், எண்ணிப் பையிலிடவும், விலாசம் ஒட்டவும் சனிக்கிழமை இரவுகளில் ஆறேழு பேர் வருவார்கள். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவர்கள். பரோட்டா எங்கள் செலவு. அவர்கள் செய்த வேலைக்கு நாங்கள் கொடுத்ததெல்லாம் அந்தப் பரோட்டாதான் என்பதை இங்கேயே எழுதிவிடுவது நல்லது.

விதிகளை எழுதுகிற வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே மேசையைச் சுற்றி இடுவாய்க்காரர் ஒருவர், பூமலூர்க்காரர் ஒருவர், சாமளாபுரத்துக்காரர் ஒருவர் இருந்தால் தாயத்துக்கு மூன்று விதிகள். வெட்டிய காயைக் கொண்டு உள்ளே போகலாமா, வெட்டாமல் பழம் எடுக்கலாமா, மூன்று முறை தொடர்ந்து தாயம் விழுந்தால் என்ன செய்வது என்று நள்ளிரவு வரை போகும். ஐந்து மைல் தொலைவுக்குள் இத்தனை சட்டங்கள். தேவநேயப் பாவாணர் 1954இலேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்துத் தனி நூலாக்கியிருக்கிறார் என்பதால், எங்களுக்கு முன்னும் இந்தத் தலைவலி ஒருவருக்கு இருந்தது என்ற ஆறுதல் உண்டு. கடைசியில் ஒரு விதியை அச்சிட்டு, அடியில் நான்கு வெற்றுக்கோடுகளை விட்டு, 'உங்கள் ஊரில் எப்படி?' என்று கேட்டிருந்தோம். சிலர் நிரப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்திருக்கிறோம்.

பெட்டியின் மேல் 'கீழடி காலத்து ஆட்டம்' என்று போட்டால் நன்றாக விற்கும் என்று சொல்லாதவர் இல்லை. 2019 செப்டம்பரில் வெளியான கீழடி அறிக்கையில் பகடையும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் உண்டு, உண்மைதான். பகடை அவ்வளவு பழையது என்பதால் எங்கள் விதித்தாளும் அவ்வளவு பழையது என்றாகிவிடாது. போடவில்லை. போட்டது வேறொன்று: '14 வயதுக்கு மேற்பட்டோர்க்கு'. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆடுவதற்கென்று செய்கிற பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மூன்று பேர் மாடியில் நடத்துகிற தொழில் அந்த முத்திரையின் செலவைத் தாங்காது. ஏழு வயதில் நாங்கள் கற்றிருக்க வேண்டிய ஆட்டத்தைப் பெரியவர்களுக்கென்று எழுதி விற்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சொந்தமாக ஓர் ஆட்டத்தை உருவாக்கிய கதையும் உண்டு. நூல் வாங்கி, துணியாக்கி, தைத்து, கெடு தேதிக்குள் கண்டெய்னரைத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்க்க வேண்டும். இடையில் மின்வெட்டு, நூல் விலை ஏற்றம், ஆர்டர் ரத்து. நான்கு மாதம் உழைத்துச் சனிக்கிழமை நண்பர்களுக்கு ஆடக் கொடுத்தோம். இரண்டாவது சுற்றில் ஒருவர் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "பகலெல்லாம் இதத்தானுங்க ஆடறோம். ராத்திரியுமா?" என்றார். அது அத்தோடு முடிந்தது.

இந்த வட்டாரத்தில் நேரத்தை ஷிப்டால் அளப்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. காலை எட்டரைக்குள் நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை. திருமணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூடப் பையன் எத்தனை ஷிப்டு பார்க்கிறான் என்று கேட்பவர்கள் உண்டு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஒரு பீஸுக்கு எத்தனை நொடி என்பது கைக்குத் தெரியும். இப்படி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை ஒட்டியிருக்கிற ஊரில், எங்களுக்குக் கிடைத்த நேரத்துக்கு மட்டும் விலை இல்லாமல் இருந்தது. அதை நட்பு என்று சொல்லிக்கொண்டோம். பொய் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் எங்களில் கணக்கு வேலை பார்ப்பவர் ஒருநாள் ஐந்தாறு ஆண்டு இருப்புப் பதிவேட்டை எடுத்துவைத்து, எந்தெந்த மாதங்களில் உற்பத்தி ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்.

2020 ஏப்ரல், மே. ஊரடங்கு. கம்பெனிகள் மூடியிருந்தன, வடநாட்டுத் தொழிலாளிகள் ஊருக்குப் போக வழி தேடி நின்ற நாட்கள். பக்கத்து வீடுகளில் சும்மா இருந்தவர்கள் எங்களுக்கு 200 தாயம் தைத்தும் மடித்தும் கொடுத்தார்கள். அடுத்து 2022 ஜனவரி, பிப்ரவரி. பேசி முடிவான கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று திருப்பூர், கோவை மாவட்ட விசைத்தறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தறிச் சத்தமே இல்லாமல் மங்கலம் இருந்த வாரங்கள். அக்கா 300 ஆடுபுலிக்கு ஓரம் தைத்தது அப்போதுதான். 2025 மார்ச்சிலும் அதே கூலிப் பிரச்சினை, மறுபடியும் நிறுத்தம், மறுபடியும் எங்கள் பதிவேட்டில் ஏற்றம். அந்த மாதங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அது இந்த ஊரின் துக்கக் குறிப்பேடு மாதிரி இருந்தது. ஊரில் எது நின்றாலும் எங்களுக்குக் கை கிடைத்திருக்கிறது. ஊர் நன்றாக ஓடிய மாதங்களில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பிசிறு வெட்டியிருக்கிறோம்.

இந்த ஆட்டங்களே ஓய்ந்த நேரத்துக்கு உரியவைதான் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தோம். அறுப்பு முடிந்த கோடையில் தாயம், வைகுண்ட ஏகாதசியில் கண்விழிக்கப் பரமபதம், மேய்ச்சலுக்கு விட்டுவிட்டுப் பாறையில் கீறிய ஆடுபுலி. ஆனால் அறுப்பு முடிந்தவனுக்குக் குதிரில் நெல் இருந்தது. தறி நின்றவனுக்கு வட்டி நிற்பதில்லை.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். 2022 நிறுத்தம் முடிந்து தறிகள் ஓடத் தொடங்கிய பிறகு, அடுத்த கட்டுத் துணியைக் கொண்டுபோய் வைத்தோம். அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இனிமே பீஸுக்கு இவ்வளவுன்னு சொல்லீருங்க தம்பி. சும்மா தெச்சுக் குடுத்தா, எப்ப முடியாதுன்னு சொல்றதுன்னு தெரியல."

எங்களுக்கு அது குத்தியது. நம்மை வெறும் வியாபாரிகளாக நினைத்துவிட்டாரே என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். வேறு தையல்காரரைப் பார்க்கலாமா என்றுகூட ஒருவர் சொன்னார். யாரென்று எழுதப் போவதில்லை, மூவரில் ஒருவர். இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி எங்கள் காதில் விழுந்தது. விலை இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். நட்பாகச் செய்கிற வேலையை எந்த நாளில், எந்தச் சொல்லால் மறுப்பது? பீஸுக்கு இவ்வளவு என்று பேசினோம். அவர் நாங்கள் சொன்னதைவிட ஒரு ரூபாய் கூட்டினார். அதன் பிறகு இரண்டு முறை நேரமில்லை என்று சொல்லித் துணியைத் திருப்பியிருக்கிறார், மூன்று முறை கெடுவுக்கு முன்பே தைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுப் படியேறுவதில் எங்களுக்கு இன்று எந்தத் தயக்கமும் இல்லை.

பிரிண்டிங் அண்ணனிடம் இதே பேச்சை எடுத்தபோது, "எனக்கே பில்லுங்களா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அந்தச் சிரிப்பு எங்களுக்கு வசதியாக இருந்தது.

பிற நாடுகளில் இது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தோம். நம் ஊரில் 'பிசினஸ்' என்று ஆடிய ஆட்டத்துக்கு மூலமான மோனோபொலியை, வேலை இழந்த சார்லஸ் டாரோ என்ற ஒருவர் கண்டுபிடித்தார் என்றே அமெரிக்காவில் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். உண்மையில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி, நிலவுடைமை எப்படிச் சிலரைச் செல்வராக்கிப் பலரை வறியவராக்குகிறது என்று காட்டுவதற்காகச் செய்து 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டத்தின் வழிவந்தது அது. பலர் கைமாறிப் பல வீடுகளில் ஆடப்பட்ட அதை 1930களின் தொடக்கத்தில் டாரோவுக்குக் கற்றுக்கொடுத்தவர் சார்லஸ் டாட் என்ற நண்பர். விதிகளை எழுதித் தரும்படி டாரோ கேட்டார். டாட் எழுதிக் கொடுத்தார். டாரோ முதலில் மெழுகுத் துணியில் வரைந்து விற்றார் என்று படித்தபோது எங்களுக்கு ஒரு நெருக்கம் தோன்றியது உண்மை. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ஆட்டத்தை அவரிடமிருந்து வாங்கியது, மேகியின் உரிமையையும் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. டாரோ செல்வரானார். டாட்டுக்கு ஒன்றும் இல்லை. டாட் தம் பலகையில் 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடப்பெயரை 'மார்வின்' என்று பிழையாக எழுதியிருந்தார். டாரோ அதை அப்படியே பார்த்து எழுதினார். கோடிக்கணக்கில் அச்சான பலகைகளில் அந்த நண்பரின் கை இருந்ததற்கு அடையாளம் அந்தப் பிழை ஒன்றுதான். இதைப் படித்த அன்று எங்கள் ஆடுபுலியின் சாய்ந்த கோட்டைப் பற்றி மூவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நல்ல கதையும் இருக்கிறது. 1979 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் பேச்சுவாக்கில் உருவாக்கத் தொடங்கிய ஆட்டம் 'டிரிவியல் பர்சூட்'. கையில் பணமில்லை. நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களுமாக 32 பேரிடம் 40,000 டாலர் திரட்டினார்கள். முதல் 1,100 பெட்டிகளில் ஒவ்வொன்றையும் செய்ய 75 டாலர் ஆயிற்று, கடைக்காரர்களுக்கு 15 டாலருக்குக் கொடுத்தார்கள். பலகையை வரைந்த மைக்கேல் வர்ஸ்ட்லின் வேலையில்லாத 18 வயது இளைஞர். கூலிக்குப் பதிலாக அவருக்கு ஐந்து பங்குகள் கொடுத்தார்கள். 1984இல் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிப் பெட்டிகள் விற்றன. அந்த ஐந்து பங்குகள் அந்த இளைஞரின் வாழ்வை மாற்றின. பங்கு கொடுத்தவர்கள் பெருந்தன்மையாளர்களா, கூலி கொடுக்க வழியில்லாதவர்களா என்பது வேறு விஷயம். எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் எங்களுக்கு உறுத்தியது.

2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாயிற்று. திருப்பூரில் அது என்ன செய்தது என்பதைப் பத்திரிகைகள் எழுதின. எங்களுக்குத் தெரிந்தது ஆண்டிபாளையம் பட்டறைதான். அண்ணனுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியின் சரக்கு பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர் ஹோல்டு என்று சொன்னார்கள். ஹோல்டு என்ற சொல்லை இந்த ஊரில் நோய்ப் பெயரைப் போல மெதுவாகத்தான் உச்சரிப்பார்கள். செப்டம்பரில் நான்கு டேபிளும் காய்ந்து கிடந்தன. அதே செப்டம்பரில் கோவையில் ஒரு திருமணத்துக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்க எங்களுக்கு 400 ஆடுபுலி ஆர்டர் வந்தது. கொலுப் பரிசு, தீபாவளிப் பரிசு என்று அடுத்தடுத்து வந்தன. செப்டம்பர் 22 முதல் இத்தகைய ஆட்டப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. அத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு அதுதான் பெரிய பருவம். அத்தனையையும் அண்ணன் அச்சடித்தார். ஆள் இல்லை, அவரும் அவர் மனைவியும் மட்டும். இரவு பதினொன்றுக்குப் போனாலும் ஸ்கிரீனைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். "கை சும்மா இருந்தா மனசு கண்டதயும் நெனைக்குது. கொண்டாங்க," என்பார்.

பணம் கொடுக்கப் பார்த்தோம். மூன்று முறை உறையில் போட்டுக் கொண்டுபோனோம். முதல் முறை கோபித்துக்கொண்டார். இரண்டாம் முறை தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை உறையை நாங்கள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. டிசம்பரில் இரண்டு டேபிள்களை விற்றார். அதை அவர் சொல்லவில்லை, வாங்கியவர் சொன்னார். அதன் பிறகு எங்கள் அழைப்புகளை எடுப்பது குறைந்தது. வாசிப்புக் கூட்டத்துக்கும் வரவில்லை.

2026 பொங்கல் முடிந்த வாரத்தில் மூவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். ஆகஸ்டு கடைசியிலிருந்து டிசம்பர் வரை எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம். கூரியர் ரசீதுகளையும் கைபேசியில் இருந்த படங்களின் தேதிகளையும் வைத்துச் சரிபார்த்தோம். 186 மணி நேரம் வந்தது. பிரிண்டிங் மாஸ்டருக்கு ஷிப்டுக்கு என்ன கூலியோ அந்தக் கூலியால் பெருக்கினோம். எங்களிடம் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. நோட்டையும் அந்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். இந்த முறை உறையில் போடவில்லை.

அண்ணன் அப்போது பகலில் வேறொரு பட்டறையில் மாஸ்டராகப் போய்க்கொண்டிருந்தார். வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நோட்டை முன்னால் வைத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தார். கோபம் வருமென்று எதிர்பார்த்திருந்தோம். அவர் எழுந்து உள்ளே போய், ஏதோ நூல்மில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் இருந்தது: தேதி, நேரம், எத்தனை பீஸ். பிக்மெண்ட் இத்தனை கிலோ, புது ஸ்கிரீன் இரண்டு. பிக்மெண்டையும் ஸ்கிரீனையும் நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினோம். அவர் கணக்கில் 172 மணி நேரம்தான் இருந்தது. பதினான்கு மணி நேரம் எங்களுடையதில் கூடுதல். எது என்று தேடியபோது அவரே விரலை வைத்துக் காட்டினார். அவை அச்சடித்த துணி காயும் வரையில் நாங்கள் நால்வரும் அங்கேயே விரித்து உட்கார்ந்து ஆடுபுலி ஆடிய நேரங்கள். புலிக்கு எளிதாகிவிடுகிறதா, ஆட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆடியது.

"ஆடுன நேரத்தயும் எழுதீருக்கீங்க. அதுக்கெல்லாம் நான் கூலி வாங்கமாட்டேன்," என்றார்.

அது சோதித்துப் பார்க்கிற வேலை என்றோம். அவர் சொன்ன பிறகுதான் விதித்தாளில் இரண்டு வரிகளை மாற்றினோம் என்றோம். எந்த வரி என்று கேட்டார், காட்டினோம். ஆட்டம் ஆட்டந்தான் என்றார். எங்களுக்கு அது தொழில் என்றோம். அப்படியானால் நீங்கள் ஆடியதற்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று கேட்டார். அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்து, சோறு ஆறுகிறது என்றார்.

172 மணி நேரம் இருபத்தொன்றரை ஷிப்டு. அதோடு பிக்மெண்டும் ஸ்கிரீனும் என்று முடிவாயிற்று. கொண்டுபோன பணத்தை முதல் தவணையாக எண்ணி வாங்கி, டைரியில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். எங்கள் நோட்டிலும் எழுதிக் கையெழுத்திட்டார். பதினான்கு மணி நேரம் இன்னும் பேச்சில் இருக்கிறது.